காரை ஓடைகளில் ஒரு நாள்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், மழைநீர் அரித்த செங்களிமண் பள்ளங்களின் விளிம்பில் நடக்கையில் நாம் பழங்கடலின் தரைமீது நடக்கிறோம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே அலைவீசியது. தோட்டா வடிவான பெலம்னைட்டுப் படிமங்கள் அதற்குச் சான்று. அருகிலுள்ள சாத்தனூரிலோ, 1940இல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது.

பள்ளத்தின் விளிம்பு சரியக்கூடியது. ஆதலால் வழியறிந்த ஊரார் ஒருவரை முன்னே விட்டு, வெயிலேறுமுன் வரிசையாக நடப்போம். படிமம் ஒன்றைப் பையிலிடப் பிள்ளைகளின் கை நீளும். கிடந்த மண்ணடுக்கே அதன் வயதைச் சொல்லும். பெயர்த்தெடுத்தாலோ அது வாயிழந்த சாட்சியாகும். பிள்ளைகளுக்குக் காட்டுவோம், எடுக்காது திரும்புவோம். நாம் விட்டுவரும் கல், நம் பேரப்பிள்ளைகளுக்கும் கதை சொல்லட்டும்.