ஒலியடக்கியை மாற்றலாமா?

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர், 'என் அண்ணனின் வண்டி' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதித் தந்தார். அவர் தில்லியில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசுபவர். ஒற்றெழுத்துகள் பல விடுபட்டிருந்தாலும் கட்டுரையில் உயிர் இருந்தது. அண்ணன் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புல்லட் வாங்கியதையும், கரோல் பாக் கடையொன்றில் அதன் சைலன்சரைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தியதையும் அவர் விரிவாக எழுதியிருந்தார். கட்டுரையின் முடிவு இது: 'அண்ணன் தெருமுனையில் திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். அம்மா அடுப்பில் தோசைக்கல்லை வைப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழும்.'

மூன்று வாக்கியங்களையும் அவர் ஒரே பெருமிதத்தோடு எழுதியிருந்தார். ஒற்றுப் பிழைகளைத் திருத்திய நான், மூன்றாம் வாக்கியத்தின் அடியில் கோடு மட்டும் இட்டுத் திருப்பித் தந்தேன். மறுநாள் அவர், "இதில் என்ன பிழை, ஐயா?" என்று கேட்டார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை என்பது உண்மை. விளக்கத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஓசையை விரும்புவது குற்றமன்று. பழைய 350 சிசி புல்லட்டில் ஒரே ஒரு சிலிண்டர்தான் உண்டு. அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவோ 90 மில்லிமீட்டர். நான்கு வீச்சு இஞ்சின் ஆதலால், இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் எரிபொருள் பற்றிக்கொள்ளும். வண்டி நின்ற இடத்திலேயே நிமிடத்திற்கு 1000 சுழற்சி என ஓடினால் 500 வெடிப்புகள். நொடிக்கு ஏறத்தாழ எட்டு. அந்த எட்டையும் நம் காது தனித்தனியாக உணர்கிறது. நான்கு சிலிண்டர் காரில் இவை ஒன்றோடொன்று கலந்து வெறும் உறுமலாகிவிடும்; புல்லட்டிலோ 'தடதட' என்று தாளமாகக் கேட்கும். இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்று படித்திருக்கிறீர்கள். புல்லட்டுக்கும் அது பொருந்தும். ஒரு 'தட' மட்டும் கேட்டால் வண்டி நின்றுவிட்டது என்று பொருள்.

வண்டியின் ஒலிக்கு மதிப்புண்டு என்பதை வணிக உலகமும் அறியும். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் இஞ்சின் எழுப்பும் ஒலியையே வணிகக் குறியாகப் பதிவு செய்யுமாறு 1994இல் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்கள் எதிர்த்தன. 2000ஆம் ஆண்டு அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

புல்லட்டின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். 1955இல் அந்நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. பட்டினத்தாரின் சமாதி இருக்கும் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பின்னரும் வடசென்னையில் நிற்கவில்லை. ஆகவே, உங்கள் தெருவில் முழங்கும் புல்லட், பெரும்பாலும் உங்கள் தாத்தா பாட்டியைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்ததுதான். தில்லிக்கு வந்த தமிழர் பலர் முன்னாளில் குடியேறிய பகுதிகளுள் ஒன்று கரோல் பாக். அதே கரோல் பாகில்தான் இன்று புல்லட் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 'பஞ்சாப்', 'இந்தோரி', 'டால்பின்', 'மெகாபோன்' என்று சைலன்சர்களுக்குப் பெயர்கள் வேறு! சென்னையில் அடக்கமாகப் பேசிப் பழகிய வண்டி, இங்கு வந்து கத்தக் கற்றுக்கொள்கிறது.

சைலன்சர் என்ன செய்கிறது என்று அறிந்தால்தான், அதைக் கழற்றும்போது எதை இழக்கிறோம் என்பது விளங்கும். எரிந்த வாயு வெளியேறும் வால்வு திறக்கும் கணத்தில், சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு இருக்கும். ஊதிய பலூன் உடைவதைப் போன்றது அது. அவ்வழுத்த அலை நேரே காற்றில் கலந்தால் செவியைப் பிளக்கும். சைலன்சருக்குள் சிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தகடுகளும் உள்ளன. வாயு ஓர் அறையில் விரிந்து, அடுத்த அறைக்குத் திரும்பி, விசை தணிந்து வெளிவருகிறது. சுவரில் மோதித் திரும்பும் அலையின் மேடு, எதிரே வரும் அலையின் பள்ளத்தோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சும் அடைத்திருப்பார்கள்; அது ஒலியைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடும். பொறியாளர்கள் அளந்து அளந்து வடிவமைத்த உறுப்பு அது. தமிழில் அதனை ஒலியடக்கி என்கிறோம். கடைக்காரர் விற்பது அந்த அறைகள் பலவும் நீக்கப்பட்ட வெறுங்குழாய். அதற்கும் அவர் சைலன்சர் என்றே பெயர் சொல்கிறார்; தமிழாசிரியனான எனக்கு அதில்தான் முதல் வருத்தம்.

'ஓசைக்காக மட்டும் அன்று, இழுவைக்காகவும் மாற்றுகிறோம்' என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. தடை குறைந்தால் வாயு எளிதில் வெளியேறும். இஞ்சின் எளிதில் மூச்சுவிடும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிகளில் அதனால்தான் திறந்த குழாய்களைப் பொருத்துகிறார்கள். ஆனால் அங்கே குழாயை மட்டும் மாற்றுவதில்லை. காற்று நுழையும் வழி, எரிபொருளின் அளவு, வால்வு திறக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தே திருத்துகிறார்கள். இஞ்சினும் பெரும்பாலும் உச்சச் சுழற்சியிலேயே ஓடுகிறது. சாலை நெரிசலில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் வண்டியில் கைமுறுக்கு முழுதாகத் திறப்பதே அரிது. அந்நிலையில் நிறுவனம் தந்த சைலன்சர் எந்த ஆற்றலையும் பெரிதாகத் தடுத்துவிடுவதில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு வீச்சு வண்டிகளின் கதை வேறு. அவற்றில் குழாயின் வடிவமே, தப்பியோடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அங்கே கண்டபடி குழாயை மாற்றினால் உள்ள ஆற்றலும் போய்விடும்.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதிகள் நடைமுறையில் உள்ளன. இன்றைய வண்டிகளில் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி ஒன்று இருக்கிறது. புகையின் நச்சை மாற்றும் வினையூக்கி மாற்றியும் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவதற்காக, விலையுயர்ந்த பிளாட்டினம் போன்ற உலோகங்களை அதில் பூசியிருக்கிறார்கள். புதுக் குழாய்க்காக அதனையும் அறுத்தெறிபவர் உண்டு. எரிபொருள் கணக்கைத் திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால், கலவையில் காற்று மிகுந்து இஞ்சின் சூடேறலாம். கைமுறுக்கைத் தளர்த்தும்போதெல்லாம் படபடவென வெடிக்கும். அந்த வெடிப்பைத்தான் பலர் ஆற்றல் என்று எண்ணி மகிழ்கிறார்கள். ஓசை கூடினால் வேகமும் கூடியதாகவே காது நம்பும். எடை குறையும் என்பது மட்டும் மறுக்க முடியாத ஆதாயம்.

சட்டம் என்ன சொல்கிறது? 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஒலி, புகை ஆகியவற்றுக்கான விதிகளை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தையும் இழக்க நேரிடும். இவை போதும். அபராதத்துக்கு அஞ்சி மட்டும் ஒருவர் அடங்கினால், காவலர் இல்லாத தெருவில் மீண்டும் முழங்குவார்.

டெசிபல் கணக்கு நம் வழக்கமான கூட்டல் கணக்கன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும்; இருபது கூடினால் நூறு மடங்கு. அறைகளை நீக்கிய குழாய் 100 டெசிபலை எளிதில் தொடும். எண்பதுக்கும் நூறுக்கும் இடையே இருபதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். நாளொன்றுக்கு 85 டெசிபலை எட்டு மணி நேரம் வரை செவி தாங்கலாம் என்று தொழிற்கூட நல வல்லுநர்கள் வரையறுத்துள்ளனர். மூன்று டெசிபல் ஏறும்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அவ்வாறு குறைத்துக்கொண்டே போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது பதினைந்தே நிமிடம். வண்டியில் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் அண்ணனின் காதுக்கும் இதே கணக்குத்தான்.

மாணவர் வகுப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். "அண்ணன் உழைத்த பணம், அண்ணனின் வண்டி. மற்றவர்களுக்கு இதில் என்ன?" வண்டிக்கு வேறு வண்ணம் தீட்டுவது, இருக்கையை மாற்றுவது போன்றவற்றுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும். பிடிக்காதவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். ஓசை அப்படியன்று. நாம் வாழும் குடியிருப்புகளை எண்ணிப் பாருங்கள். நான்கு மாடி, ஒரே படிக்கட்டு, சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். இரவுப் பணி முடித்து வந்து காலையில் கண்ணயரும் செவிலியர் ஒருவர் ஒரு வீட்டில் இருப்பார். பிப்ரவரி மாதத்தில் பொதுத்தேர்வுக்குப் படிப்பவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். அவர்களுள் எவரும் அந்த வண்டியை வாங்கவில்லை. ஓட்டும் இன்பம் ஒருவருக்கு. அதற்கான விலையில் ஒரு பகுதியை அவர்கள் தம் உறக்கத்தில் தருகிறார்கள். 'தரலாமா?' என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையால் 'வேண்டாம்' என்று சொல்லவும் முடியாது. அதனால் அழத்தான் முடியும். நான் கோடிட்டது அதற்காகத்தான்.

வட இந்தியத் தெருக்களில் 'பட்டாக்கா' என்று ஒன்று நடப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஓடும் வண்டியின் மின் இணைப்பை ஒரு கணம் துண்டித்து, எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் போகவிட்டு, மீண்டும் இணைத்து வெடிக்கச் செய்வது. இதற்கு இஞ்சினின் ஆற்றலோடு எந்தத் தொடர்பும் இல்லை. நடந்து செல்பவர் திடுக்கிடுவதைக் கண்டு மகிழ்வது ஒன்றே இதன் பயன். இதனை விளையாட்டு என்று ஏற்க என்னால் இயலவில்லை.

உரத்த வண்டியே பாதுகாப்பானது, மற்றவர் விலகிச் செல்வர் என்பாரும் உளர். குழாயின் வாய் பின்னோக்கி இருப்பதால், ஓசை மிகுதியாகச் சென்று சேர்வது பின்னால் வருபவரிடம்தான். எதிரே திடீரெனத் திரும்பும் காரின் கண்ணாடிகளோ மூடியிருக்கும். ஹாரனும் பிரேக்கும் அதற்காகத்தானே உள்ளன?

அந்த மாணவர் எளிதில் விடவில்லை. "திருமண ஊர்வலத்தில் நள்ளிரவு வரை டிஜே வைக்கிறார்களே, பேருந்துகள் காற்று ஹாரன் அடிக்கின்றனவே, அவர்களை ஏன் கேட்பதில்லை?" என்றார். இந்தக் கேள்வி நியாயமானது. ஊர்வலக்காரரை விட்டுவிட்டுப் புல்லட் இளைஞரை மட்டும் பிடிப்பது எளிதாக இருக்கிறது. பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கிச் சாலை உருளையால் நசுக்கும் காட்சிகளைப் பல நகரங்களிலிருந்து செய்திகளில் பார்க்கிறோம். அவற்றை விற்ற கடைகள் மறுநாளும் திறந்திருக்கின்றன. வாங்கியவரோடு விற்றவரையும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும், ஊர்வலத்தின் இரைச்சலைக் காட்டிக் குழந்தையின் அழுகைக்கு விடை சொல்லிவிட முடியாது. இதை அவரும் சற்று யோசித்து ஒப்புக்கொண்டார். முழு மனத்தோடு என்று சொல்லமாட்டேன்.

"பழைய சைலன்சரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். வண்டியை விற்கும்போது தேவைப்படும் என்று சாக்கில் சுற்றிப் பரணில் போட்டிருப்பதாகச் சொன்னார். மாற்றுபவர் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். துரு ஏறாமல் இருந்தால், அதனைத் திரும்பப் பொருத்த ஒரு மெக்கானிக்குக்கு அரை மணி நேரம் போதும்.