உப்பு மூட்டை

ஆஸ்திரேலியாவில் பல வீடுகளில் உப்பு ஜல நீச்சல் குளம் உண்டு. ஜலம் பச்சை நிறமானால், சில வீட்டுக்காரர்கள் உடனே இன்னொரு மூட்டை உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பா கிருமியைக் கொல்கிறது? சமுத்திர ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குளத்திலோ சில கிராம்தான். அதிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் குளோரினே காவலாளி. இயந்திரம் ஓட ஓட ஜலத்தில் காரம் ஏறும். காரம் மிகுந்தால் காவலாளி தூங்கிவிடுவான்.

ஆகையால் முதலில் ஜலத்தைப் பரீட்சை செய்ய வேண்டும். பி.எச். அளவு 7.8-க்கு மேலிருந்தால், அமிலத்தை அளந்து விட்டு 7.5 அளவுக்கு இறக்க வேண்டும். பிறகே குளோரினை உயர்த்த வேண்டும். ஜலத்தில் அமிலத்தை விடலாம். அமிலத்தில் ஜலத்தை விடவே கூடாது.

பச்சை ஜலத்தில் மூழ்கும் குழந்தை கரையிலிருப்போர் கண்ணுக்குத் தெரியாது. குளத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரியும் நாளே நீந்துவதற்கு நல்ல நாள் என்போம்.