பதிவேட்டில் பெயரை மறைக்காதே!

தென்காசி நகராட்சி, குற்றாலம் பேரூராட்சி, சுற்றிலுமுள்ள ஊராட்சிகள், தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் ஆகியவற்றின் பீரோக்களில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் தஸ்தாவேஜுகள் யாருடைய சொத்து? ஆபீசரின் சொத்தா? காண்டிராக்டரின் சொத்தா? அந்தக் காகிதம் நம் வரிப்பணத்தில் வாங்கியது. அதில் எழுதியவர் நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர். அதிலே எழுதியிருப்பதோ நம் கூலி, நம் நிலம், நம் வாய்க்கால் தண்ணீர், நம் தெருவுக்குப் போட்ட ரோடு. அதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு என்று நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 2005-இல்தான். அந்தச் சட்டத்தின் முதுகெலும்பிலேயே மத்திய சர்க்கார் இப்போது கை வைத்திருக்கிறது. நாற்று நடும் பெண்ணுக்கும் ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்கும் இதனால் என்ன நஷ்டம்? பெரிய நஷ்டம்தான். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்தச் சட்டத்தைப் பிறப்பித்தவர்கள் டில்லியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேதாவிகள் அல்ல. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலைக்கு மண் சுமந்த ஏழைகள்தான் இதைப் பிறப்பித்தார்கள். நாள் முழுவதும் வேலை செய்தும் குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால், "நீங்கள் வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில். அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றால், "அது சர்க்கார் ரகசியம்" என்று பதில்! வெள்ளைக்காரன் 1923-இல் போட்ட ரகசியச் சட்டம், சுதந்திர நாட்டிலும் அதிகாரிக்கு வாயில் காவலாக நின்றது. 1990 மே தினத்தன்று அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பெயரே தொழிலாளி–விவசாயி சக்தி என்பதுதான். அதை நடத்தியவர்களில் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை 1975-இல் உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். இவர்கள் நம் கட்சிக்காரர்கள் அல்ல. ஆனால் உழைப்பாளி கேட்கும் நியாயமான கேள்வி எந்தக் கொடியின் கீழ் எழுந்தாலும் அது நம் கேள்விதான்.

1994 டிசம்பர் 2-ஆம் தேதி, பாலி ஜில்லாவிலுள்ள கோட் கிரானா என்ற ஊரில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். எப்படியோ கையில் கிடைத்த கூலிப் பதிவேட்டை ஊர் மந்தையில், ஜனங்களைக் கூட்டி வைத்து, உரக்கப் படித்தார்கள். பெயர் பெயராகப் படித்தார்கள். அவ்வளவுதான்! வேலைக்கே போகாதவன் பேரில் கூலி எழுதியிருந்தது வெளிவந்தது. அரைகுறையாய் நின்ற வேலை முடிந்துவிட்டதாகப் பில் எழுதியிருந்தது வெளிவந்தது. கணக்குத் தெரியாத கிழவிக்கும் அந்த ஊரில் யார் யார், யார் எங்கே வேலை செய்தான் என்பது தெரியும். ஆடிட்டர் பத்து வருஷம் புரட்டினாலும் கண்டுபிடிக்காததை ஊர்ஜனம் ஒரு பொழுதில் கண்டுபிடித்தது. 1996 ஏப்ரலில் பியாவர் பட்டணத்தில் நாற்பது நாள் தர்ணா. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதே அவர்கள் கோஷம். அங்கே மூண்ட தீதான் 2005 சட்டம். 2004-இல் இடதுசாரி எம்.பி.க்களின் வெளி ஆதரவோடு அமைந்த மத்திய சர்க்காரின் காலத்தில் அது நிறைவேறி, 2005 அக்டோபர் 12-ஆம் தேதி முழு அமுலுக்கு வந்தது.

இந்த விஷயத்தில் முதலில் சட்டம் போட்டது தமிழ்நாடு என்று பெருமை பேசுவோர் உண்டு. 1997-இல் இங்கே ஒரு சட்டம் போட்டது உண்மைதான். ஆனால் அதில் கொடுக்கக்கூடாதவை என்று எழுதிய பட்டியலே நீண்டது. மறுக்கும் அதிகாரிக்குத் தண்டனையும் இல்லை. பல்லில்லாத சட்டத்தைக் கண்டு எந்தக் காண்டிராக்டர் பயப்படுவான்?

கோட் கிரானாவில் படித்தது என்ன என்பதை வாசகர்கள் மீண்டும் கவனிக்க வேண்டும். மொத்தத் தொகையையா படித்தார்கள்? இல்லை, பெயர்களைப் படித்தார்கள். "இந்த வேலைக்கு இத்தனை லட்சம் செலவு" என்று பலகையில் எழுதி வைத்தால் யாருக்கு என்ன தெரியும்? "இன்னார் மகன் இன்னார், இத்தனை நாள், இத்தனை ரூபாய்" என்று படித்தால்தான், "அவன் செத்து மூன்று வருஷமாயிற்றே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழும்.

அந்தப் பெயரைத்தான் இப்போது மறைக்கப் பார்க்கிறார்கள். 2005 சட்டத்தின் 8(1)(ஜே) ஷரத்து என்ன சொன்னது? ஒருவரின் சொந்த விவரத்துக்கும் பொதுக்காரியத்துக்கும் சம்பந்தமில்லையென்றால், அல்லது அது அந்தரங்கத்தில் அநியாயமாகத் தலையிடுவதானால், மறுக்கலாம் என்றது. அப்போதும்கூடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்றது. நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் மறுக்க முடியாத விவரத்தைச் சாதாரண மனிதனுக்கும் மறுக்கக்கூடாது என்றும் சொன்னது. எவ்வளவு கம்பீரமான வாசகம் அது! கூலிக்காரனை எம்.பி.க்குச் சமமாக நிறுத்திய வாசகம். 2023-இல் டிஜிட்டல் தகவல் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த வேறொரு சட்டத்தின் 44-வது ஷரத்தில் ஒரு சின்ன வரியைப் போட்டு இவை எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். 2025 நவம்பரில் அந்த வெட்டு அமுலுக்கும் வந்துவிட்டது. இப்போது "சொந்த விவரம்" என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும், மறுத்துவிடலாம். கூலி வாங்கியதாக எழுதியிருப்பவன் பெயர் சொந்த விவரமாம்! ரோடு காண்டிராக்ட் எடுத்தவன் பெயரும் சொந்த விவரம் என்பார்கள். குவாரி குத்தகைக்காரன் பெயரும் அப்படியே. ஏழைக்குக் கொடுக்கிற ஒவ்வொரு சலுகைக்கும் ஆதார் நம்பர், கைரேகை, போட்டோ, குடும்ப விவரம் என்று தோண்டித் தோண்டிக் கேட்கும் சர்க்காருக்குத் திடீரென்று அந்தரங்கத்தின் மேல் இந்தக் காதல் எங்கிருந்து பிறந்தது?

பதிவேட்டில் பெயர் என்பது நம் ஜனங்களுக்கு என்ன என்று நமக்குத் தெரியும். 1980-இல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழிக்கும்வரை ஊர்க்கணக்கு கர்ணத்தின் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. யார் பெயர் எழுத வேண்டும், யார் பெயரை அடிக்க வேண்டும் என்பது திண்ணையில் தீர்மானமாயிற்று. குத்தகை விவசாயியின் பெயரைப் பதிய வேண்டும் என்று 1969-இல் சட்டம் வந்தது. பெயர் ஏறியவன் நிலத்தில் நின்றான். பெயர் ஏறாதவன், மூன்று தலைமுறையாக அந்த வயலில் ஏர் பிடித்திருந்தாலும், ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். நூறு நாள் வேலையிலும் அதே கதைதான். அந்தச் சட்டத்தையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மாற்றி, வேறு பெயரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார்கள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டியது நிறைய உண்டு. ஆனால் திட்டத்தின் பெயர் எதுவானாலும் மஸ்டர் ரோல் மஸ்டர் ரோல்தான்; அதில் பெயர் தெரியாவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆகவே சட்டம் செத்துவிட்டது என்று கைகட்டி உட்கார வேண்டுமா? வேண்டியதில்லை. 8-வது ஷரத்திலேயே இரண்டாம் உட்பிரிவு ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. கொடுப்பதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதானால் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. பெயர்களைக் கேட்கும் ஒவ்வொரு மனுவிலும் 8(2) என்று எழுதி, இது பொதுப்பணம் என்றும் எழுத வேண்டும். மற்றபடி ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கவே கூடாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது 6-வது ஷரத்து. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்ள உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. இதைப் பலரும் அறியவில்லை. அறிந்த அலுவலர் சொல்வதுமில்லை. கட்டணம் ரூ. 10. கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்போருக்கு அதுவும் கிடையாது. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்தென்றால் 48 மணி நேரத்தில் வர வேண்டும். கெடு தாண்டினால் நகலை இனாமாகக் கொடுக்க வேண்டும். காரணமின்றி இழுத்தடிக்கும் அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு ரூ. 250 வீதம் ரூ. 25,000 வரை அபராதம் போடத் தகவல் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. கமிஷன் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறதா என்று கேட்காதீர்கள். கமிஷனர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மத்திய சர்க்காரே நிர்ணயிக்கும் என்று 2019-இல் திருத்தியது எதற்காக என்பது வெளிச்சம்.

தென்காசி தனி ஜில்லாவானது 2019 நவம்பர் 22-இல். பழைய தஸ்தாவேஜு திருநெல்வேலியில் இருக்கிறது, அங்கே போ என்று எந்த ஆபீஸாவது கைவிரித்தால் ஏமாறாதீர்கள். எந்த ஆபீஸில் இருக்கிறதோ அங்கே மனுவை 5 நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும். அலைய வேண்டியது காகிதம், நாமல்ல.

குற்றாலத்தைப் பாருங்கள். சாரல் விழுந்துவிட்டால் கார்களும் பஸ்களும் மலையடிவாரத்தை நிறைத்துவிடும். கடை ஏலம், வாகனக் கட்டணம் என்று பணம் புரளும். அந்த ஜனக்கூட்டம் விட்டுப்போகும் குப்பையைக் குனிந்து அள்ளுவது யார்? சீசனுக்கென்று காண்டிராக்டில் வைத்த தொழிலாளர்கள். காண்டிராக்டர் எத்தனை பேருக்குப் பில் வாங்கினார், எத்தனை பேரை நிறுத்தினார், ஆளுக்கு என்ன கூலி என்று எழுதினார், பி.எப். கட்டினாரா? இது பேரூராட்சியின் பீரோவில் இருக்கும் விஷயம். நகல் கேட்கலாம். நேரே போய் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்க்கலாம்; முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு அருவிக்கரையில் பாதுகாப்புக்கென்று என்ன செலவு செய்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

அருவித் தண்ணீர் குளிப்பவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. அதுதான் சிற்றாறாக இறங்கி வயலுக்குப் பாய்கிறது. இயற்கையாக வரும் நீரைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவி வைத்துக் காசு பார்ப்பது பற்றி 2022-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு வழக்குப் போய், ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க உத்தரவாயிற்று. தென்காசி ஜில்லாவில் ஆய்வு செய்த விடுதிகள் எவை, கண்டது என்ன, எடுத்த நடவடிக்கை என்ன என்று விவசாயத் தொழிலாளி கேட்கட்டும். விடுதிக்காரர் பெயர் சொந்த விவரம் என்கிறார்களா, பார்ப்போம்! குளம் தூர்வாரிய வேலைக்கு எஸ்டிமேட்டும் எம்.புக்கும் கேளுங்கள். சிமெண்ட் ரோடு ஒரே மழையில் பெயர்ந்தால் அதன் மாதிரியை எடுத்துத் தரும்படி கேட்கவும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை. மில் முதலாளியிடம் நேரே இந்தச் சட்டப்படி மனுக் கொடுக்க முடியாது, அவர் தனியார். ஆனால் வேறு சட்டங்களின் கீழ் அவரிடமிருந்து சர்க்கார் பெறக்கூடிய விவரத்தைச் சர்க்காரிடம் கேட்கலாம் என்பது 2(எப்) ஷரத்து. பாக்டரி இன்ஸ்பெக்டர் கடைசியாக எந்தத் தேதியில் ஆலைக்கு வந்தார், என்ன குறை எழுதினார், பிறகு என்ன ஆயிற்று? முதலாளி பி.எப். பாக்கி எவ்வளவு? சாயக்கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த நிபந்தனை என்ன? வியாபார ரகசியம் என்று இவற்றைப் பொத்தி வைக்க முடியாது. சம்பளத்தில் பிடித்த பி.எப். பணம் கட்டப்படவில்லை என்பதில் என்ன வியாபார ரகசியம்? திருட்டு ரகசியம் வேண்டுமானால் இருக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். இது விளையாட்டல்ல. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை ஜில்லா திருமயம் அருகே, கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்து மனுமேல் மனுக் கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி மோதி மாண்டார். அது விபத்தல்ல, கொலை என்று வழக்காகிக் குவாரிக்காரர்கள் கைதானார்கள். நம் ஜில்லாவிலும் மலையை வெட்டிப் புளியரை வழியாக லாரி லாரியாகக் கேரளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த நடைச்சீட்டுகளைத் தனி ஆளாகக் கேட்பவன் தனி ஆளாகவே தாக்கப்படுவான். சங்கத்தின் பேரில் மனு செல்லாது, பிரஜையின் பேரில்தான் செல்லும் என்பார்கள். நல்லது! ஒரே கேள்வியை ஐம்பது பிரஜைகள் ஐம்பது மனுவாகக் கொடுக்கட்டும். யாரை மிரட்டுவான்? ஐம்பது பேர் வீட்டுக்குமா லாரி அனுப்புவான்?

வந்த பதிலைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறவர்களையும் பார்க்கிறோம். அதிலே பிரயோஜனமில்லை. கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. குற்றாலத்திலும் தென்காசியிலும் தெருமுனை இருக்கிறது. அங்கே நின்று பெயர் பெயராகப் படிக்க வேண்டும். 8(1)(ஜே) திருத்தத்தை வாபஸ் வாங்கு என்ற தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் போட வேண்டும். கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று 4-வது ஷரத்து சொல்லும் விவரங்களை நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சிகளும் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். மே தினத்தன்று கூடும் கிராம சபையில் காகிதம் கையில் இருக்க வேண்டுமானால், 30 நாள் பதிலுக்கு, முதல் அப்பீலுக்கு இன்னும் 30 முதல் 45 நாள் என்று கணக்கிட்டு, பொங்கல் கழிந்ததும் மனுக்கள் போய்ச் சேர வேண்டும். மனுவின் நகலையும் ரிஜிஸ்தர் தபால் ரசீதையும் சங்க ஆபீஸில் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள்.