வலி நின்னுடுச்சா? இனிமேதான் பயப்படணும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. இல்லைங்க, பல்லு. கீழ் வரிசையில வலது பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒண்ணைப் போன வாரம் பிடுங்கிட்டாங்க. காப்பாத்தியிருக்கக் கூடிய பல். என் அலட்சியத்தால போச்சு. நீங்களாவது உஷாரா இருங்கன்னுதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஐஸ்க்ரீம் சாப்பிட்டா சுர்ருன்னு இழுத்துச்சு. அப்புறம் சூடா காபி குடிச்சா கால் மணி நேரம் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. கடைசியில ராத்திரி படுக்கவே முடியலை. அந்த வாரம் ரிலீஸ் வேற. மெடிக்கல் ஷாப் அண்ணன்கிட்ட சொன்னேன், ஏதோ ரெண்டு விதமா மாத்திரை கொடுத்தார். நாலு நாள்ல வலி போயே போச்சு. "டாக்டர்கிட்ட போனியாடா?"ன்னு அம்மா போன்ல கேட்டப்ப, "அதான் சரியாயிடுச்சேம்மா"ன்னு பெருமையா சொன்னேன்.

சரியாகலை. பல்லு உள்ள செத்துப்போயிருந்தது.

பல்லுக்கு நடுவுல பல்கூழ்னு ஒண்ணு இருக்கு. நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அதுக்குள்ளதான். சொத்தை எனாமலைத் தாண்டி, டென்டினையும் தாண்டி அங்கே போயிட்டா கூழ் வீங்கப் பார்க்கும். கையில அடிபட்டா வீங்க இடம் இருக்கு. பல்லுக்குள்ள ஏது இடம்? சுத்தியும் கெட்டிச் சுவர். அழுத்தம் ஏறும், உயிர் போற வலி வரும். படுத்தா தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுறதால ராத்திரி இன்னும் மோசம். கடைசியில கூழ் செத்துடும். செத்த நரம்பு வலிக்காது.

நம்ம பாஷையில சொன்னா, சர்வர்ல அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்து திடீர்னு நின்னுடுச்சு. பிரச்சினை தீர்ந்துச்சா, இல்லை அலாரமே எரிஞ்சு போச்சா? என் விஷயத்துல ரெண்டாவதுதான். கிருமி சத்தமில்லாம வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கிட்டிருந்தது.

மாத்திரை போட்டா போதாதான்னு கேப்பீங்க. மாத்திரை ரத்தம் வழியாத்தான் போய்ச் சேரணும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாதே! அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் 2019-ல வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையொட்டித்தான் பேசுது. பல் சிகிச்சை உடனே கிடைக்கும்னா, மத்தபடி ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்களுக்கு இந்த மாதிரி வலியில பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம்னு சொல்லுது. காய்ச்சல், பரவுற வீக்கம்னா கதை வேற.

ஒரு வருஷம் கழிச்சு கன்னம் வீங்கினப்பதான் டாக்டர்கிட்ட ஓடினேன். ரூட் கேனால்னு சொன்னதும் கை நடுங்குச்சு. ஆனா மரத்துப்போற ஊசி போட்டதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் தெரியலை. எக்ஸ்ரே எடுத்து, மேல ஓட்டை போட்டு, மெல்லிசான ஃபைல்களை விட்டு வேர்க் கால்வாய்களைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் ஊத்திக் கழுவுறாங்க. முடிவுல கட்டாபெர்ச்சான்னு ஒரு பொருளை வெச்சு அடைப்பாங்க. மலேயா பக்கத்து மரத்தோட பாலாம். 1858-ல அட்லாண்டிக் கடலுக்கடியில போட்ட தந்திக் கம்பிக்கு உறையா இருந்ததும் இதேதான்!

எனக்கு முதல் சிட்டிங்ல சுத்தம் பண்ணி தற்காலிகமா அடைச்சு அனுப்பினாங்க. "அடுத்த வாரம் வாங்க, முடிச்சுட்டு கேப் போட்டுடலாம்"னார் டாக்டர். மறுநாளே வலி காணோம். நானும் காணாமப் போயிட்டேன் :( தற்காலிக அடைப்பு மாசக்கணக்குல தாங்காது, எச்சிலோட கிருமி திரும்ப உள்ள போகும். அதோட, குடைஞ்ச கடைவாய்ப் பல் பலவீனமா இருக்கும். மெல்லுற பாரத்தைத் தாங்கத்தான் அந்த கேப். நான் போடலை. ஒரு முறுக்கைக் கடிச்சேன், 'டக்'னு சத்தம். வேர் வரைக்கும் நெடுக்கப் பிளந்துடுச்சு. "இனி பிடுங்குறதைத் தவிர வழியில்லை"ன்னுட்டாங்க.

இப்ப அந்த இடத்துல இம்ப்ளான்ட் வைக்கச் சொல்ற தொகை, ரூட் கேனாலும் கேப்பும் சேர்ந்ததை விட அதிகம். ஆபீஸ் இன்சூரன்ஸ்லயும் வராதாம்.

ஆகவே மக்களே, என் கருத்து இதுதான். ரூட் கேனாலைப் பத்தி நாம பயப்படுறது தப்பான இடத்துல. ஊசிக்கும் ஃபைலுக்கும் பயப்படுறோம், வலி நிக்கிறதைப் பார்த்து நிம்மதியாயிடுறோம். உட்கார்றதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க: எத்தனை கால்வாய்? (மேல் கடைவாய்ப் பல்லுல நாலு கூட இருக்கும், ஒண்ணு விட்டுப்போனாலும் வம்பு.) எச்சில் படாம இருக்க ரப்பர் ஷீட் மாட்டுவீங்களா? முடிஞ்சதும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவீங்களா? கேப் எப்போ, மொத்தம் எவ்வளவு? காசுதான் தடைன்னா, சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கே விசாரிங்க. முடிஞ்சப்புறம் நாலஞ்சு நாள் லேசா வலிக்கிறது சகஜம். ஆனா தாடைக்குக் கீழ வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டம்னா, ராத்திரி ரெண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வீக்கம் கழுத்துக்குள்ள பரவி மூச்சையே அடைக்கலாம்.

அம்மாவுக்குப் போன் பண்ணி பல்லு போன கதையைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, "எனக்கும் ஒண்ணு வலிச்சுட்டு இருந்துச்சுடா, இப்ப தானா நின்னுடுச்சு"ன்னாங்க. சனிக்கிழமை டிக்கெட் போட்டுட்டேன். கூட்டிட்டுப் போகணும்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், பல் டாக்டர் இல்லை. உங்க பல்லுக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் சட்டம். பாதியில விட்டவங்க யாராவது இருந்தா பின்னூட்டம் அப்புறம் போடலாம், முதல்ல அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க :)