இயற்கணிதத்துக்கும் பஸ் ஏற வேண்டும்

சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் கரையை ஒட்டிய காலனி ஒன்றில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது. ஒரே அறை. இரண்டு டியூப் லைட், ஒரு மின்விசிறி, ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள். செல்போன் சிக்னல் சரியாகக் கிடைப்பது அதன் வாசல்படியில் மட்டும்தான். போன வருடம் ஆடியும் ஆவணியும் அந்தப் படியில் உட்கார்ந்து ஒரு பிள்ளை ஆன்லைனில் கணக்குப் படித்தாள். போன் அம்மாவுடையது. அம்மா வயல் வேலை முடித்து வந்த பிறகுதான் கைக்கு வரும். அதனால் வகுப்பு எப்போதும் இரவு ஏழு மணிக்குமேல்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். "சித்தப்பா, லாகரிதம்னா என்ன? நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன், வெளங்க மாட்டேங்கு."

வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "மடக்கைதாம்ல தாயி."

"மடக்கையா? அது எனக்குத் தெரியுமே!" என்றாள். சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்குப் படித்தவள். கணம் தெரியும், செட் தெரியாது. சார்பு தெரியும், ஃபங்ஷன் தெரியாது. பல்லுறுப்புக் கோவையைப் பிரித்துப் போடுவாள், பாலிநாமியல் என்றால் முழிப்பாள். பி.எஸ்சி. கணினி அறிவியலில் முதல் பருவத்துக் கணக்குத் தாள் அரியர். வகுப்பெடுத்த கௌரவ விரிவுரையாளர் ஒரே பருவத்தில் இரண்டு முறை மாறினார். தனக்குத் தெரிந்ததையே தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஐந்து மாதம் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்து கேட்டிருக்கலாமே என்பார்கள். நம் தெருப் பிள்ளை எழுந்து சந்தேகம் கேட்டால் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வரும். "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்று மெதுவாக ஒரு குரல் வரும். சத்தமாகச் சொன்னால் புகார் கொடுக்கலாம். மெதுவாகச் சொல்வதை என்ன செய்ய? வீடியோவில் அந்தக் குரல் கிடையாது. நாலு தடவை பின்னால் இழுத்துப் போட்டாலும் ஆசிரியர் சலித்துக்கொள்ள மாட்டார். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று கேட்க மாட்டார். ஆன்லைன் படிப்பு என்றாலே அது ஏமாற்று வேலை என்று சொல்லும் தோழர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைக்கு அந்தப் படி ஒரு விடுதலைதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காக விவரம் கொஞ்சம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது என்.பி.டி.இ.எல். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் வந்தது. பாடம் கேட்க ஒரு பைசா வேண்டாம், யாரும் சேரலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். என்.பி.டி.இ.எல். பாடத்துக்கு அது 1000 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அதில் பாதி. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வருகிற 1000 ரூபாயில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் போடும் பயிற்சிக்கு 25 மதிப்பெண், கடைசித் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால் தேர்ச்சி. 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 வாரப் பயிற்சியை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். அறுவடை நேரத்தில் இரண்டு வாரம் விட்டுப்போனாலும் மனம் உடைய வேண்டாம். ஆனால் பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பலர் தேதியைத் தவறவிடுவது இங்கேதான்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் ஆன்லைன் பட்டப் படிப்பும் இருக்கிறது. ஜே.இ.இ. எழுதாமலே, நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். முதல் கணக்குத் தாளைத் திறந்து பார்த்தேன். கணம், நேர்க்கோடு, இருபடிச் சமன்பாடு, பல்லுறுப்புக் கோவை, மடக்கை. நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த அதே இயற்கணிதம், இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. விண்ணப்பக் கட்டணம் நமக்குப் பாதி. குடும்ப வருமானத்தைப் பொறுத்து படிப்புக் கட்டணத்தில் 75% வரை சலுகை. இந்தப் படிப்பில் நம் மாணவர்களைச் சேர்த்துவிட தாட்கோவும் திட்டம் அறிவித்தது. எத்தனை காலனிகளில் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது? நான் கேட்ட நாலு தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நமக்கு எதற்கு இயற்கணிதம், வேலைக்குப் போகிற படிப்பு ஏதாவது படிக்கட்டுமே என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். அமெரிக்காவில் பாப் மோசஸ் என்று ஒருவர் இருந்தார். கறுப்பினத்தவர், கணக்கு வாத்தியார். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போராடி அடிபட்டு, சிறைக்குப் போனவர். அங்கே வாக்குரிமையை மறுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒரு சோதனை. பள்ளிக்கூடத்தையும் அவர்களே கெடுத்து வைப்பார்கள், பிறகு படிக்கத் தெரியவில்லை என்று ஓட்டையும் மறுப்பார்கள். இருபது வருடம் கழித்து, தன் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் சொல்லித்தரவில்லை என்று கண்டு, தானே வகுப்பில் போய் நின்றார். 1982-ல் அது அல்ஜீப்ரா புராஜெக்ட் என்ற இயக்கமானது. அன்றைக்கு ஓட்டு எப்படியோ, இன்றைக்கு இயற்கணிதம் அப்படி; அது தெரியாத பிள்ளை கல்லூரி வாசலிலேயே கழித்துக்கட்டப்படும் என்பது அவர் வாதம். 2021-ல் இறக்கும் வரை அவர் அந்தப் பேச்சை விடவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் பிடித்தது. பிள்ளைகளை நகர ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போய், நிலையங்களையே எண்கோடாக ஆக்கினார். நம் நெல்லை - செங்கோட்டை ரயிலிலும் செய்யலாம். சேரன்மகாதேவி பூஜ்ஜியம். மேற்கே காருகுறிச்சி 1, வீரவநல்லூர் 2, கல்லிடைக்குறிச்சி 3, அம்பாசமுத்திரம் 4. கிழக்கே பேட்டை மைனஸ் 1, டவுன் மைனஸ் 2. பேட்டையிலிருந்து அம்பைக்கு எத்தனை நிலையம்? 4-லிருந்து மைனஸ் 1-ஐக் கழிக்க வேண்டும். விடை 5. மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ஏன் பிளஸ் ஆகிறது என்று கேட்டு அடி வாங்கிய எங்கள் காலத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

மடக்கையையும் அன்றைக்கு ராத்திரி இப்படித்தான் போட்டோம். பத்து வட்டிக்குப் பத்தாயிரம் கடன். கட்டாத வட்டியை மாதாமாதம் அசலோடு சேர்க்கிறான். எட்டாவது மாதம் கடன் இரட்டிப்பைத் தாண்டிவிடும். பன்னிரண்டாம் மாதம் 31,384 ரூபாய். இரண்டு வருடத்தில் 98,497. எந்த மாதம் லட்சத்தைத் தாண்டும் என்று கேட்டால், அந்த மாதத்தைச் சொல்லும் கணக்குக்குப் பெயர்தான் மடக்கை. இருபத்தைந்தாவது மாதம். பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவள் ஆச்சி, "எங்க கணக்கு எப்பவுமே தீராம இருந்ததுக்கு இதான் காரணமா?" என்று கேட்டார். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் தீயில் கருகியதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. வட்டிக்காரன் சொல்லும் தொகை சரியா தப்பா என்று நம் வீட்டிலேயே ஒரு பிள்ளை போட்டுக் காட்ட முடிந்தால், அந்தச் சட்டத்தைத் தேடிப் போகும் தைரியமாவது வரும்.

இனி எனக்குப் பயமாக இருக்கிற இடத்துக்கு வருகிறேன்.

நாங்குநேரிக்குப் பிறகு பல பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். "பள்ளிக்கூடம், காலேஜுன்னு அனுப்பி வெட்டுப்பட வைக்கிறதுக்கு, எல்லாத்தையும் போன்லயே படிச்சா என்ன?" கேட்பவர் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் நாங்குநேரியில் நடந்தது என்ன? 2023 ஆகஸ்டில், உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியவன் அந்த மாணவன். அவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வகுப்பறையை விட்டு வந்ததால் அவனுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை. அவன் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 469 எடுத்தான். கல்லூரிக்கும் போனான்.

வீட்டிலேயே படித்தாலும் கடைசியில் பஸ் ஏறத்தான் வேண்டும். மேலே சொன்ன ஆன்லைன் படிப்புகளில் 75 மதிப்பெண் தேர்வும், ஐ.ஐ.டி. தகுதித் தேர்வும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டியவை. தேர்வுக்குப் போகிற பஸ் நம் பிள்ளைகளுக்கு என்ன என்று தாமிரபரணிக் கரையில் சொல்லித்தெரிய வேண்டுமா? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வெழுதப் போன பதினொன்றாம் வகுப்பு மாணவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற பஸ், 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் செத்த கொக்கிரகுளம் வழியாகத்தான் போகிறது. அவர்களும் கூலிக் கணக்கு கேட்கத்தான் வந்தார்கள்.

ஆகவே செல்போனைக் கொடுத்து, இதோ ஐ.ஐ.டி.யே உன் கைக்குள் வந்துவிட்டது என்று அரசு கையைக் கழுவக் கூடாது. பள்ளிகளில் சாதிக் கயிறு, பொட்டு, ஆசிரியர் இடமாற்றம் என்று பல விஷயங்களைத் தொட்டு நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதை நிறைவேற்றுவதற்குப் பதிலாக ஆன்லைன் வகுப்பைக் காட்டினால் ஏற்க முடியாது. காலியாக இருக்கும் கணக்கு ஆசிரியர் இடத்தில் வீடியோவை உட்காரவைப்பதையும் ஏற்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40% வரை ஸ்வயத்தில் படித்து மதிப்பீடு பெறலாம். இந்த விதி, கேட்கிற பிள்ளைக்குக் கதவாக இருக்க வேண்டும். ஆளெடுக்காத நிர்வாகத்துக்குச் சாக்காக ஆகிவிடக் கூடாது. மாணவர்களும் ஒன்று செய்யுங்கள். பணம் கட்டும் முன்பே துறைத் தலைவரிடம் இந்தப் பாடத்துக்கு மதிப்பீடு தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்த பிறகு கேட்டால் கையை விரித்துவிடுவார்கள்.

ஆட்சியருக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் என் கோரிக்கை பெரிய செலவு பிடிக்காதது. காலனிப் படிப்பகங்களுக்கு இணைய இணைப்பு கொடுங்கள். விடுதிகளில் இரவு இரண்டு மணி நேரம் கணினி அறையைத் திறந்து வையுங்கள். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் டேப்லெட் அல்லது லேப்டாப் என்று சொன்னார்கள். கருவி வந்தாலும் உட்கார இடம் வேண்டும். தேர்வுக் கட்டணத்தைத் தேர்ச்சி பெற்றவர்களுக்காவது துறை திருப்பித் தரட்டும். தேர்வு நாளில் தனியாக வரும் பிள்ளைகளுக்கு விடுதிப் பொறுப்பாளர் ஒருவர் துணைக்கு வரட்டும்.

துறை செய்யும் வரை காத்திருக்காமல் எங்கள் படிப்பகத்தில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். சுவரில் ஒரு பெரிய அட்டை. இடது பக்கம் பள்ளிப் புத்தகத்துச் சொல், வலது பக்கம் வீடியோவில் வரும் சொல், இரண்டும் தமிழ் எழுத்தில். மடக்கை - லாகரிதம் முதல் வரி. இப்போது 140 வரி ஆகியிருக்கிறது. ஊர்த்தெருவிலிருந்து ஒரு பையன் வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கும் அரியராம். எடுத்துக்கோ தம்பி என்று சொன்னோம்.

அந்தப் பிள்ளைக்கு 40 வேண்டிய இடத்தில் 61 கிடைத்தது. தேர்வன்று அம்மா கூடவே போனார். டவுன் பஸ்ஸில் இருவருக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அன்றைய நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய் போயிற்று. தேர்வுக் கட்டணம் 500-ஐயும் அதோடு கூட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். 836. அடுத்த பாடத்துக்கு ஜனவரியில் பதிவு. அம்மாவுக்குப் பதிலாக யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை.