வாரக்கடைசி வம்பு - 6: ஒரு பிடி மண்ணு

ஒரு மாசமா ஆளைக் காணோமேன்னு தேடின ரெண்டு பேருக்கும் நன்றி (அதுல ஒருத்தர் எங்கம்மா). கையெல்லாம் கொப்புளம், அதான் தட்ட முடியலை.

இங்க ராலேயில, வீட்டுப் பக்கத்துல ஒரு சைக்கிள் பூங்கா. முறையா அனுமதி வாங்கி, சனிக்கிழமை ஆனா தன்னார்வலர்களே மண்ணைக் குவிச்சு மேடு கட்டுவாங்க. சைக்கிள்ல வேகமா வந்து ஒரு மேட்டுல ஏறி, அந்தரத்துல பறந்து, எதிர் மேட்டுல இறங்கணும். நான்தான் மண் பொறியியல்ல மாஸ்டர்ஸ் பண்ற ஆளாச்சே, "மண்ணா? நம்ம டிபார்ட்மெண்ட்"னு முன்னாடி போய் நின்னேன்.

அங்கதான் வெச்சேன் ஆப்பு. இந்த ஊர்ச் செம்மண் சரியான களி. காய்ஞ்சா ஷவல் 'ணங்'குன்னு திரும்பி வரும். ஓடையோரம் கிடக்குற மணல்மண்ணோ அல்வா மாதிரி வரும். அல்வாவை அள்ளி உச்சி விளிம்பைக் கட்டிட்டேன். பார்க்க அம்சமாத்தான் இருந்துச்சு. மறுநாள் ரூம்மேட் ஏறினான். முன்சக்கரம் தாண்டிடுச்சு. பின்சக்கரம் அழுத்தினதும் விளிம்பு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. காறை எலும்பு முறிவு. "இதுக்குத்தான் மாஸ்டர்ஸாடா?"ன்னான் ஆஸ்பத்திரியில. கிண்டலாத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை.

அடுத்த சனிக்கிழமை, அங்க வர்ற பெரியவர் ஒருத்தர் மேல்மண்ணை வழிச்சுத் தள்ளச் சொன்னார். வேரும் சருகும் மக்கிப்போனா மேடு உள்வாங்கிடுமாம். அடியில இருந்த செம்மண்ணுல தண்ணி தெளிச்சு, ஒரு பிடி எடுத்து இறுக்கி, கையை விரிச்சார். உருண்டை நின்னுச்சு. விரலால தட்டினார், ரெண்டா உடைஞ்சுது. இதுதான் பதம். உருண்டையே பிடிக்கலைன்னா தண்ணி பத்தாது, கையில பிசுபிசுன்னு ஒட்டினா ஜாஸ்தி.

அட, இதைத்தானேய்யா நான் லேப்ல பண்றேன்! 1933-ல லாஸ் ஏஞ்சல்ஸ் பொறியாளர் ப்ராக்டர் அணைக்கட்டு வேலைக்காகச் சொன்னது. ஒரு குறிப்பிட்ட ஈரத்துலதான் மண் நல்லா இறுகும். குறைஞ்சா துகள் ஒண்ணோட ஒண்ணு நெருங்காது, கூடினா அந்த இடத்தைத் தண்ணி பிடிச்சுக்கும். மூணு அடுக்கு, அடுக்குக்கு 25 அடி, 2.5 கிலோ சுத்தியல்னு தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனா அன்னிக்கு ஒரு பிடி எடுத்துப் பார்க்கணும்னு தோணலை பாருங்க.

எங்க தாத்தாவும் வரப்பு போடும்போது இப்படித்தான் ஒரு பிடி பிடிச்சுப் பார்ப்பார். எதுக்குத் தாத்தான்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போ அரை அடி மண்ணு போடுறது, ஷவல் முதுகால தட்டுறது, மறுபடி அரை அடி. சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடிடுவோம். அந்த ஒரு விளிம்பைத் திருப்பிக் கட்ட மூணு சனிக்கிழமை ஆச்சு. முதல்ல நானே மேல ஏறி நின்னு குதிச்சுப் பார்த்தேன். அசையலை.

ரூம்மேட் கழுத்துல மாட்டின கைக்கட்டோட உக்காந்து மேற்பார்வை. "இன்னும் கொஞ்சம் தட்டுடா"ன்னான்.

தட்டினேன்.

பி.கு: வீட்டுல எலும்பு விஷயம் தெரியாது. அம்மா, நீங்க இதைப் படிச்சா, அவங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க!