வெள்ளத்தில் ஊறிய கதவை விற்க என்ன அவசரம்?

ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன் "புதிய கதவு வாங்காதீர்கள்" என்று எழுதினால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். என் கடையின் பின்புறத்தில் பிளாஸ்டிக் கதவுகளும் பிளைவுட் கதவுகளும் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவை விற்றால்தான் எனக்கு வருமானம். எனினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பின் தோப்பூரில் நான் கண்ட ஒரு வியாபாரம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல், சேருவில பக்கமெல்லாம் தண்ணீர் பரவிய நாட்கள் அவை. எங்கள் ஊரிலும் பள்ளமான வளவுகளில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. வடிந்த பின் பார்த்தால் அறைக் கதவுகள் ஊறிப் புடைத்து நிலையோடு இறுகிப் போயிருந்தன. அடியில் சேறு, மேலே பூஞ்சணம், பெயின்ற் எல்லாம் கொப்புளம். பழைய சாமான் வாங்கும் லொறி தெருத்தெருவாக வந்தது. "இது இனி உதவாது" என்று வந்தவர்கள் சொன்னார்கள், வீட்டார் நம்பினார்கள். முதிரை, பாலை, தேக்குக் கதவுகள் விறகு விலைக்கு லொறியில் ஏறின. வீட்டைச் சுத்தம் செய்ய அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபா கைக்கு வந்ததும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அவர்களே என் கடைக்குக் கதவு வாங்க வந்தார்கள். நானும் விற்றேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த லொறிக்காரர் நட்டத்துக்கு வாங்கவில்லை. பழைய முதிரைக் கதவைச் சுரண்டிப் பொலிஷ் அடித்தால் கொழும்புப் பக்கம் ஹோட்டல்காரரும் பங்களாக்காரரும் பழங்காலப் பொருள் என்று நல்ல விலை கொடுப்பார்கள். அப்படியொரு மரத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று நிறைந்த கதவை நாம் வாங்கி மாட்டுகிறோம். அடுத்த வெள்ளத்தில் அதன் தோல் உரியும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிய பின்னர் இறக்குமதிச் சாமான் எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. காட்டு மரத்தில் புதிதாகக் கதவு செய்வதென்றால் மரத்தின் விலையோடு, அதை ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரத்துக்கும் அலைய வேண்டும். பழைய கதவில் அந்த மரம் ஏற்கனவே நம் கையில் இருக்கிறது.

எங்கள் உம்மாவின் அறைக் கதவு முதிரை. 2006 ஆகஸ்டில் சண்டை மூண்டு ஊரே கந்தளாய்க்கு ஓடியது. அந்தச் சண்டைக்கும் மாவிலாற்று மதகுதான் காரணமாயிற்று. திரும்பி வந்தபோது அந்தக் கதவின் பூட்டடி பிளந்து கிடந்தது. வாப்பா புதிது வாங்கவில்லை. எங்கள் ஓடாவியார் பிளந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே மரத்தில் ஒரு துண்டை இறுக்கி ஒட்டி, பூட்டை நாலங்குலம் மேலே ஏற்றி மாட்டினார். பத்தொன்பது வருடங்களுக்குப் பின் அதே கதவு மூன்று நாள் வெள்ளத்தில் நின்றது.

இம்முறை நான் செய்ததைச் சொல்கிறேன். திருகாணிகளைக் கழற்றிக் கதவை இறக்கி, சேறு காயுமுன் நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினேன். பின் விறாந்தையில், வெயில் படாத இடத்தில், மூன்று கட்டைகளின் மேல் படுக்க வைத்தேன். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கதவு வளையும். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கடையில் அரிசி மூடை நிறுக்கும் தராசு இருக்கிறதே! முதல் வாரம் 44 கிலோ. வாரம் ஒரு தடவை நிறுத்தேன். ஆறாம், ஏழாம் வாரங்களில் முள் 38 ஐ விட்டு அசையவில்லை. அதன் பிறகே சேண்ட் பேப்பரைத் தொட்டேன்.

பொறுமைதான் இங்கே முதல். மரம் நீளவாக்கில் கூடுவதில்லை, அகலவாக்கில் ஊதும். ஊதியிருக்கும்போது கதவு நிலையில் உரசுகிறதென்று அயலவர் ஒருவர் சீவுளி போட்டுச் சீவிவிட்டார். தை கழியக் கதவு காய்ந்து சுருங்கிவிட்டது. இப்போது பூட்டுப் பக்கம் விரல் நுழையும் இடைவெளி. காயாத மரத்தில் பட்டி வைத்துப் பெயின்ற் அடித்தாலும் அதே கதிதான், உள்ளேயிருக்கும் ஈரம் பெயின்றைத் தூக்கும். மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 வீதத்துக்குக் குறைந்து நின்றால் உக்கவைக்கும் பூஞ்சணம் வளர்வதில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம்.

பழைய எனமல் பெயின்றைச் சுரண்டும்போது மட்டும் கவனம் தேவை. எனமல் பெயின்றில் ஈயத்துக்கு நம் நாட்டில் வரம்பு வந்தது 2013 இல்தான். அதற்கு முந்திய பூச்சை நனைத்துத் தேய்க்க வேண்டும். மூக்கை மூடிக்கொண்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், தூளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

பாத்ரூம் கதவின் அடி உக்குவது வெள்ளமில்லாமலும் நடப்பது. காரணம் எளிது: கதவின் அடி விளிம்பில் யாரும் பெயின்ற் அடிப்பதில்லை. மரத்தின் வெட்டு வாய் அங்கே திறந்திருக்கிறது, தண்ணீரைத் திரிபோல் உறிஞ்சும். மேலே தகரம் அடித்து மறைத்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு இன்னும் வேகமாக உக்கும். உக்கிய அடிச்சட்டத்தை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு சேர்த்து, அடி விளிம்புக்கு இரண்டு கோட் பெயின்ற் கொடுத்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் சட்டம் முழுக்கப் பொதபொதவென்று இறங்கினாலோ, தட்டும்போது கறையான் தின்ற வெற்றுச் சத்தம் கேட்டாலோ விட்டுவிடுங்கள். எம்.டி.எஃப் கதவு ஊறினால் அதற்கும் வைத்தியம் கிடையாது.

உம்மாவின் கதவுக்கு ஓடாவியின் கூலி, பசை, சேண்ட் பேப்பர், வார்னிஷ், புதிய பிணைச்சல் எல்லாம் சேர்த்து, அதே அளவில் புதிய முதிரைக் கதவுக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலையில் நாலில் ஒன்றைத் தொடவில்லை. அதில் பாதிக்கு மேல் கூலி, அது ஊருக்குள்ளேயே நின்றது.

ஆனால் ஓடாவிமார் திருத்த வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஒரு கதவுக்காகச் சாமான்களைச் சுமந்து வந்து, வீட்டார் பக்கத்தில் நின்று பேரம் பேச, அரை நாள் போனால் அவருக்குக் கட்டாது. பத்து வீட்டார் சேர்ந்து பத்துக் கதவை ஒரே கொட்டிலில் வைத்து, கதவுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசினால் அவரும் வருவார். தேய்க்கும் மெஷினையும் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். எங்களைப் போன்ற கடைக்காரர்களும் வார்னிஷைச் சிறிய டின்களில் எடுத்து வைக்க வேண்டும். ஒரு கதவுக்கு நாலு லீற்றர் டின் எதற்கு?

இன்னொரு தடையையும் சொல்லாமல் விட முடியாது. நம் பகுதியில் மகளுக்கு வீடு கொடுக்கும் தகப்பன், பழைய கதவை மாட்டினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயப்படுகிறான். கடன்பட்டுப் புதுக்கதவு வாங்குகிறான். அப்படி வந்தவர்களுக்குக் கடனுக்குக் கதவு கொடுத்த கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. பல பக்கங்களில் இன்னும் கோடு அடிக்கப்படவில்லை.

கதவை ஏற்கனவே விற்றவர்களுக்கு நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. இன்னும் விறாந்தையில் சாய்த்து வைத்திருப்பவர்கள் அஸருக்குப் பின் கடைக்குக் கொண்டு வரலாம். தராசு பின்புறம்தான் இருக்கிறது, நிறுப்பதற்குக் காசு வாங்க மாட்டேன்.